இருபத்திரண்டு சூரியன்கள்

மார்ச் 3, திங்கள்

முட்டைத் தட்டு நாற்பது சேர்ந்துவிட்டது. மூலைக்கடைக்காரர் இன்று நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எடுத்து நீட்டினார். "இதெல்லாம் வச்சு வீடு கட்டப் போறீங்களாம்மா?" ஆமாம், மாடி வீடு என்றேன்.

பெரிய மிஸ் முன்கூடத்தில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குக் கீழே ஈரம் ஏறி, பெயின்ட் செதில் செதிலாக உரிந்து கிடக்கிறது. ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி பெற்றோர் வரும் நாள். "கூடம் பளிச்சுன்னு இருக்கணும். ஆனா எதுவும் வாங்கற நிலைமையில நான் இல்ல. உன் கையை நம்பித்தான் இருக்கேன்" என்றார். இந்தப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தை நடத்துகிறவர் அவர். குழந்தைகளுக்கு மூக்குத் துடைப்பதிலிருந்து சுவரை மறைப்பது வரை மற்றதெல்லாம் நான்.

என் கை! ஐந்து வருடமாக இதே கைதான். தண்ணீர் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டினால் பூ. பழைய காலண்டரைச் சுருட்டினால் மரக்கிளை. அட்டைக் குழாயில் இரண்டு கண் வைத்தால் ஆந்தை. நாள் முழுக்க விரலில் பசை இருப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் 'பசை மிஸ்'. என் சொந்த மகள் பட்டாணி, நான்கு வயது, அவளும் அங்கேதான் வருகிறாள். காப்பகத்துக்குள் நுழைந்ததும் அவளுக்கும் நான் பசை மிஸ்தான். வாசலைத் தாண்டினால் மறுபடி அம்மா.

மார்ச் 6, வியாழன்

கலர் தீர்ந்துவிட்டது. சின்னச் சின்ன வட்டமாக டப்பாவில் வருகிற கலர், இருபத்திரண்டு பிள்ளைகள் பிரஷ்ஷை முக்கினால் அரை மணி நேரம் தாங்குமா?

சாயங்காலம் அண்ணன் வந்தான். இரண்டு மாதமாகப் பழைய இரும்புப் பட்டறை ஒன்றை இடிக்கும் ஆட்களோடு வேலை செய்கிறான். அங்கே எது கிடைத்தாலும் அவனுக்கு என் நினைவு வந்துவிடும். மர உருளை, கம்பிச் சுருள், நூல் சுற்றிய கட்டை. இன்று ஒரு டின். பால் பவுடர் டின் அளவுதான். வாங்கும்போது மணிக்கட்டு மடங்கிவிட்டது.

"என்னண்ணா, உள்ள கல்லா?"

"கலரு. உனக்குன்னே அள்ளி வச்சேன். இரும்பு துரு பிடிக்காம இருக்க அடிப்பாங்களாம். ஒரு மூட்டையே கிடக்கு, எப்படியும் குப்பைக்குத்தான் போகும்."

மூடியைத் திறந்தேன். அம்மாடி! நெருப்பை இடித்துத் தூளாக்கி வைத்த மாதிரி ஒரு ஆரஞ்சு. எந்தக் கடையிலும் இப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததில்லை.

"மூட்டையில என்ன எழுதியிருந்துது?"

"யாரு பார்த்தா? ஒரே தூசி."

மார்ச் 8, சனி

விடுமுறை. வீட்டுச் சமையல் மேடையில் சோதனை. மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி, பூஞ்சை பிடிக்காமலிருக்க வழக்கம்போல வினிகர் ஊற்றி, அதில் தூளைக் கொட்டிக் கலக்கினேன். ஒரு கரண்டி போதும், வெறும் அட்டை எழுந்து நிற்கிறது. மீதிப் பசையில் மாவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து மணி உருட்டினேன். பட்டாணியும் உட்கார்ந்து உருட்டினாள். பட்டாணி உருட்டிய பட்டாணி என்று அவள் அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். கப்பலில் சிக்னல் இல்லை போலிருக்கிறது, இன்னும் பார்க்கவில்லை.

மேடையெல்லாம் தூள். ஊதிவிட்டுத் துடைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். சூரியன்! ஆளுக்கொரு சூரியன். காகிதத் தட்டு முகம், அட்டையில் கதிர், கீழே நூலில் ஏழு மணி தொங்கும். கூடம் முழுக்க இருபத்திரண்டு சூரியன் தொங்கினால் ஈரச் சுவரை யார் பார்க்கப்போகிறார்கள்? அன்று சாயங்காலம் அவரவர் சூரியனை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

பிள்ளைகள் வெறிபிடித்த மாதிரி வேலை செய்தார்கள். பிரஷ் போதவில்லை, விரலால் தடவினார்கள். சுருட்டை (அந்த முடியில் சீப்பு இறங்கினால் திரும்பி வராது) கையை நக்கிவிட்டு, "மிஸ், இனிக்குது" என்றாள்.

"சும்மா சொல்லாதடி, நான் சர்க்கரையே போடல."

உடனே நாலைந்து பேர் நக்கிப் பார்த்தார்கள். இனிக்குது, இனிக்குது என்று ஒரே கூத்து. பசையைத் தின்றால் வாய் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பேசவே முடியாது என்று மிரட்டினேன். எப்போதும் வாயே திறக்காத கப்சிப்கூடச் சிரித்தான்.

மார்ச் 12, புதன்

ஜாடியில் பசை ஓரமாகப் பழுப்பேறிவிட்டது. நேற்றைய நிறம் இல்லை. இன்னும் இரண்டு கரண்டி தூள் போட்டேன், சரியாகிவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

காப்பகத்து ஈரத்தில் மணிகள் காயவில்லை. எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, பட்டாணி படுக்கிற இடத்துக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மின்விசிறிக் காற்றில் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலு என்கிறது. மல்லாந்து படுத்துக்கொண்டு எண்ணுகிறாள். பதினாறுக்கு மேல் தெரியாது, மறுபடி ஒன்று.

காலையில் அவள் தலையணையில் ஆரஞ்சுத் தூள் மெல்லிசாகப் படிந்திருந்தது. உதறினேன்.

மார்ச் 25, செவ்வாய்

பட்டாணி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டுக் கோபப்படுகிறாள். இந்தக் கோபம் யாருடையது? அவள் அப்பாவுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது.

சுருட்டை இன்று பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்து ரத்தம். அவள் அப்படிப்பட்டவளே இல்லை.

மார்ச் 28, வெள்ளி

நான்கு பேருக்கு வயிற்று வலி. இரண்டு பேர் வாந்தி. பெரிய மிஸ் தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொல்லிவிட்டார். தொட்டிக்குள் இறங்கியவர், "தண்ணி நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். அப்படியானால் என்ன? வெயிலா?

ஏப்ரல் 2, புதன்

பட்டாணியைத் தெருமுனை டாக்டரிடம் காட்டினேன். பூச்சி என்றார், மருந்து கொடுத்தார். நாலு நாளாக வெளிக்கே போகவில்லை என்றதற்குப் பழம் கொடுங்க என்றார். வரும் வழியில் நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு வந்தேன். கனமே இல்லை.

ஏப்ரல் 5, சனி

எனக்கும் வாயில் ஒரு மாதிரி இருக்கிறது, சாவியைச் சப்பியதுபோல. வேலை அதிகம், தூக்கம் குறைவு, அதுதான்.

பட்டாணி இன்று பதினொன்றோடு நிறுத்திவிட்டாள். "அப்புறம்?" என்றேன். என்னையே பார்த்தாள். "அப்புறம் தெரியல." விளையாடுகிறாளா?

ஏப்ரல் 12, சனி

இப்படி ஒரு நாளை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

கதவைத் திறந்ததும் பெற்றோர்கள் அப்படியே வாசலில் நின்றுவிட்டார்கள். காலை வெயில் ஜன்னல் வழியாக விழுந்து இருபத்திரண்டு சூரியனும் பற்றி எரிகிற மாதிரி இருந்தது. முட்டைத் தட்டு மலை, காலண்டர் மரம், பாட்டில் பூ. எல்லாம் குப்பையிலிருந்து வந்தது என்றால் யாரும் நம்பவில்லை. சுருட்டையின் அம்மா தையல்காரி, எதையும் எளிதில் பாராட்டுகிறவள் இல்லை. அவளே என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கைக்கு நான் வேலை குடுப்பேங்க" என்றாள். பெரிய மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவரவர் சூரியனோடு போனார்கள். கப்சிப் தன்னுடையதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அப்பாவைக்கூடத் தொடவிடாமல் நடந்தான்.

தெருவெல்லாம் ஆரஞ்சு. என் மனசெல்லாம் ஆரஞ்சு. எங்கள் வீட்டிலும் ஒன்று, பட்டாணியின் தலைமாட்டில்.

ஏப்ரல் 15, செவ்வாய்

சுருட்டைக்கு வலிப்பு வந்தது.

பாய் விரித்துக்கொண்டிருந்தேன். தொப்பென்று சத்தம். திரும்பினால் தரையில் கிடந்து வெட்டி வெட்டி இழுக்கிறாள். கண் மேலே போய்விட்டது. ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மற்ற பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு அழாமல் நின்றார்கள். அழாமல் நின்றதுதான் பயமாக இருந்தது. பெரிய மிஸ் வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

காய்ச்சலே இல்லை. தொட்டுப் பார்த்தேனே. காய்ச்சல் இல்லாமல் ஏன்?

ஏப்ரல் 17, வியாழன்

வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் சுருட்டையின் அம்மா உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தையின் ஒற்றைச் செருப்பு.

"ரத்தத்துல காரீயம் இருக்காம்" என்றாள். "பேட்டரியில எல்லாம் இருக்குமே, அது. அஞ்சைத் தாண்டினாலே கவலைப்படணுமாம். இவளுக்கு எழுபத்தாறு. எங்க வீட்டுல ஏதுங்க காரீயம்? நான் துணிதானே தைக்கிறேன்?"

டாக்டரம்மா வெளியே வந்தார். நான் காப்பகத்திலிருந்து வந்தவள் என்றதும் நின்று கேட்டார். "அங்க பழைய பெயின்ட் எதாவது உரிஞ்சிருக்கா? பெயின்ட், கலர்ப் பொடி, பேட்டரி, எதாவது? பிள்ளைங்க வாயில வைக்கிற மாதிரி?"

கலர்ப் பொடி என்றார். என் காதில் விழுந்தது. அந்த டின்னின் கனம் அப்படியே மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. வாயில் சாவி ருசி.

"ஜன்னலுக்குக் கீழ சுவர் உரிஞ்சிருக்கு டாக்டர்" என்றேன்.

அது பொய்யில்லை. உரிந்துதான் இருக்கிறது.

ஏப்ரல் 18, வெள்ளி

அண்ணனைப் பட்டறை வாசலுக்கே போய்ப் பார்த்தேன். தூசியோடு வெளியே வந்தான். சொன்னேன். முதலில் சிரித்தான், அப்புறம் முகம் மாறிவிட்டது. அந்த மூட்டையை மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தான். தூசியைத் துடைத்தால் மண்டையோட்டுப் படம் போட்டிருக்கிறதாம்.

"நீ வாயைத் திறக்காத. டின்னை என்கிட்ட குடு, எங்கயாவது கொட்டிடறேன். யாருக்குத் தெரியும்? சுவர்னு நினைக்கிறாங்க இல்ல, நினைக்கட்டும்."

"அண்ணா, பிள்ளைங்க—"

"உன் பிள்ளைய பாரு முதல்ல. நீ உள்ள போயிட்டா அவளை யாரு பார்ப்பா? அவங்கப்பன் நடுக்கடல்ல இருக்கான்."

டின்னைக் கொடுக்கவில்லை. சொல்லவும் இல்லை. நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் 19, சனி

இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

பெரிய மிஸ் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு நிம்மதி. "சுவர்தானாம், கட்டடக்காரர் வந்து சுரண்டித் தர்றேன்னுட்டாரு. பத்து நாள் மூடிட்டுத் திறந்துடலாம். நீ கவலைப்படாத, நம்ம மேல ஒண்ணும் வராது."

சரிங்க மிஸ் என்றேன்.

போனை வைத்துவிட்டு நாற்காலி போட்டு ஏறி, பட்டாணியின் தலைமாட்டிலிருந்த சூரியனைக் கழற்றினேன். கயிறுகளைக் கழற்றினேன். படுக்கை விரிப்பை ஊறப்போட்டேன். சமையல் மேடையை ஏழு முறை ஈரத்துணியால் துடைத்தேன். மெத்தைக்கடியில் உருண்டு கிடந்த ஒரு மணியைப் பொறுக்கினேன். அதில் பல் தடம்.

எல்லாம் முடிந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நான் என்ன செய்திருக்கிறேன்? என் வீட்டில் தொங்கியதைக் கழற்றினேன். என் வீட்டில் தொங்கியதை மட்டும்.

இன்னும் இருபத்தோரு வீட்டில் தொங்குகிறது. கட்டில் மேலே, ஜன்னலில், எங்கெங்கேயோ. இந்த நிமிஷம் யாரோ ஒரு பிள்ளை அதைப் பார்த்து வாயைத் திறக்கிறது. நான் துணி துவைக்கிறேன். நான் மனுஷிதானா?

ஏப்ரல் 21, திங்கள்

விடிந்ததும் டின்னையும் சூரியனையும் இரண்டு பையில் கட்டி, பட்டாணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தேன். சொல்ல ஆரம்பித்தால் நிற்கவில்லை. வினிகர் ஊற்றியதைச் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"வினிகரா?"

"பூஞ்சை பிடிக்காம இருக்க."

"அதுலதான் கரைஞ்சிருக்கு. கரைஞ்சா இனிக்கும். பிள்ளைங்க விடாம நக்கும்." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எத்தனை நாளா தெரியும்?"

"வியாழக்கிழமையிலேருந்து."

"நாலு நாள்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

பட்டாணிக்கு ரத்தம் எடுத்தார்கள். ஐம்பத்தொன்று. சேர்த்துக்கொண்டார்கள். காரீயத்தை இழுத்து வெளியே கொண்டுவரும் மருந்தாம், ஊசியும் மாத்திரையும். கப்பலுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் கடல் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில், "அவ கூடவே இரு, நான் வர்றதுக்கு வழி பார்க்கறேன்" என்றார்.

சுகாதார ஆட்கள் வியாழக்கிழமைதான் வீடு வீடாகப் போவார்களாம். வியாழன் வரை காத்திருப்பதா? இன்னும் மூன்று நாள் என் கணக்கில் ஏற வேண்டுமா? டாக்டரம்மா கையுறையும் தடித்த பைகளும் கொடுத்தார். "யாரும் துடைக்க வேணாம், ஊத வேணாம்னு சொல்லுங்க. எல்லாரையும் ரத்தம் குடுக்க வரச் சொல்லுங்க." பட்டாணியின் பக்கத்தில் அண்ணி உட்கார்ந்துகொண்டாள். அண்ணனிடம் சொல்லாமல் வந்திருந்தாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பதினொரு வீடு.

முதல் வீட்டில் விருந்தாளி வந்த மாதிரி வரவேற்றார்கள். உட்காருங்க மிஸ், தண்ணி குடிங்க மிஸ். நின்றுகொண்டே சொன்னேன். அந்த அம்மாவின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. குழந்தை சூரியனை விடமாட்டேன் என்று கத்தியது. கதிர் ஒவ்வொன்றாகப் பிய்ந்தது.

மூன்றாவது வீட்டில் அடுப்புக்கு மேலே தொங்கியது.

ஐந்தாவது வீட்டு அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீங்க குடுத்ததுதானே?" என்றார். ஆமாங்க. "உங்களை நம்பித்தானே விட்டோம்?" ஆமாங்க. "போங்க." கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். ஓங்கி அறைந்திருந்தால் தேவலை.

எட்டாவது வீட்டுக்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. குச்சி முனையில் மாட்டித் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் போட்டார்கள்.

சுருட்டையின் வீடு பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தேன். அவள் அம்மாவிடம் சொன்னேன். என் முகத்தையே பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து, பெஞ்சில் வைத்து, என் பக்கம் தள்ளினாள். "ஜன்னல்ல இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஏப்ரல் 23, புதன்

ஒன்பது வீடு. ஒரு வீட்டில் வைதார்கள், ஒரு வீட்டில் அழுதார்கள், ஒரு வீட்டில் எதுவுமே சொல்லாமல் பிள்ளைக்குச் செருப்பு மாட்டி என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

பெரிய மிஸ்ஸையும் பார்த்தேன். "சுவர்னு முடிஞ்சுபோச்சே. முடிஞ்சுபோனதை ஏன் கிளறினே?" என்றார். பிறகு அவரே, "இல்ல, நீ செஞ்சது சரி" என்று முனகினார். ஆனால் கண்ணில் கோபம் அப்படியே இருந்தது.

எங்களுடையதையும் சேர்த்து இருபத்தொன்று. ஒன்று இல்லை.

கப்சிப்.

ஏப்ரல் 24, வியாழன்

கப்சிப்பின் வீட்டில் ஆள் இல்லை. பெற்றோர் நாளுக்கு இரண்டு நாள் கழித்துக் காலி செய்துவிட்டார்களாம். அப்பாவுக்கு வேறு எங்கோ கட்டட வேலை. எங்கே என்று பக்கத்து வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. போன் அணைந்தே கிடக்கிறது. பெரிய மிஸ்ஸின் பதிவேட்டில் இருப்பது இந்தக் காலி வீட்டின் முகவரிதான்.

வெறும் அறையில் எட்டிப் பார்த்தேன். ஆணியிலிருந்து ஒரு துண்டு நூல் தொங்கியது. எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

போலீஸ் ஸ்டேஷனில் மூன்று மணி நேரம். எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனையும் சொல்ல வேண்டியிருந்தது. பட்டறையைப் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். அண்ணனுக்கு வேலை போய்விட்டது. அண்ணி மட்டும் வருகிறாள், போகிறாள், அவன் பேச்சை எடுப்பதில்லை.

கப்சிப்பைப் பற்றியும் எழுதிக்கொண்டார்கள். "தேடறோம்மா" என்றார்கள். எப்போது?

ஏப்ரல் 30, புதன்

வண்டி நிறுத்தத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். சாமான் ஏற்றும் வேன்காரர்கள் ஒவ்வொருவரையும் கேட்டேன். அப்பா, அம்மா, அம்மா கையில் கைக்குழந்தை, பேசவே பேசாத ஒரு பையன், கையில ஆரஞ்சுக் கலர்ல ஒரு சூரியன். பைத்தியம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இன்று ஒருத்தர், "அட, அந்தப் பையனா? வழி பூரா அதை மடியில வச்சிட்டு வந்தானே. என்னையும் தொட விடல" என்றார். நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இறக்கிவிட்ட இடத்தின் அடையாளத்தைத் துண்டுக் காகிதத்தில் வரைந்து கொடுத்தார்.

மே 1, வியாழன்

சுகாதார அலுவலகத்து அம்மாவோடு பஸ்ஸில் நாலு மணி நேரம். பாதி கட்டிய அடுக்குமாடி, அதன் பின்னால் தகரம் போட்ட வரிசை வீடுகள். கடைசி வீட்டு வாசலில் கப்சிப் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வந்து கையைப் பிடித்தான், உள்ளே இழுத்தான். காட்ட வேண்டுமாம்.

தொட்டிலுக்கு மேலே கட்டியிருந்தார்கள். எட்டு மாதக் குழந்தை மல்லாந்து படுத்திருந்தது. சூரியன் தாழ்வாகத் தொங்கியது, குழந்தைக்கு எட்டும் உயரத்தில்.

ஏழு மணியில் நான்குதான் இருந்தது.

"தம்பி அழுதா இவன் இதை ஆட்டுவான், உடனே சிரிச்சிடும்" என்றாள் அந்த அம்மா பெருமையாக. "நீங்க செஞ்சு குடுத்ததாமே, மிஸ்? ரொம்ப அழகா இருக்கு."

மே 2, வெள்ளி

கப்சிப்புக்கு நாற்பது. குழந்தைக்கு அறுபத்து மூன்று.

மே 9, வெள்ளி

குழந்தை பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா. பிழைத்துக்கொள்ளும் என்பதற்கும் நன்றாகிவிடும் என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "அதை இப்ப யாராலயும் சொல்ல முடியாது. வளரணும், பார்க்கணும்" என்றார்.

"இன்னும் பத்து நாள் போயிருந்தா?"

"அதைக் கேட்காதீங்க."

அந்த நாலு நாள் சீக்கிரம் சொல்லியிருந்தால்? அதை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மே 20, செவ்வாய்

காப்பகத்தைத் திறக்கப்போவதில்லை என்று பெரிய மிஸ் எழுதி ஒட்டிவிட்டார். இனி குழந்தைகளோடு நான் வேலை செய்யக்கூடாது என்று உத்தரவு. வழக்கு இன்னும் இருக்கிறது. அவர்கள் கேட்காமலே நான் சொல்லியிருப்பேன், இனி எந்தக் குழந்தை கையிலும் எதையும் கொடுக்க மாட்டேன் என்று.

பட்டாணி வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் அப்பாவும் வந்துவிட்டார், ஒரு மாத விடுப்பில். அவர் மடியில் உட்கார்ந்து எண்ணுகிறாள். பத்தில் தடுக்குகிறது. அவர் என்னைப் பார்ப்பதில்லை, அவளைத்தான் பார்க்கிறார். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறார்.

ஜூன் 11, புதன்

அண்ணன் வந்தான். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு. வாசலிலேயே நின்றான். சட்டையில் பட்டன் ஒன்றுகூடப் போடவில்லை, அப்படியே திறந்து கிடந்தது. குடித்திருக்கிறானோ என்று நினைத்தேன்.

"போட முடியல" என்றான். கையை நீட்டிக் காட்டினான். மணிக்கட்டு தொங்கியது. தூக்கப் பார்த்தான், எழவில்லை. "ரெண்டு மாசமாவே சுத்தியல் நழுவுச்சு. சொல்லல."

இரும்பை நெருப்பு வைத்து அறுக்கும்போது மேலே அடித்திருந்ததெல்லாம் புகையாக உள்ளே போயிருக்கிறது. கூட வேலை செய்த ஆறு பேருக்கும் இதேதான். இத்தனை நாள் என்னைத் திட்டிக்கொண்டே வீட்டில் கிடந்திருக்கிறான். அண்ணி அழுது அனுப்பியிருக்கிறாள்.

பட்டன்களைப் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எண்பத்தெட்டு. எங்கள் எல்லோரிலும் அவனுக்குத்தான் அதிகம்.

பஸ்ஸில் திரும்பும்போது, "நீ சொல்லலன்னா நாங்க அங்கயே செத்திருப்போம்" என்றான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. யாருக்காக நான் சொன்னேன்? இவனை நினைத்துக்கூடப் பார்க்கவில்லையே.

ஜூலை 4, வெள்ளி

அச்சகத்தில் வேலை, காகிதம் அடுக்க. வெட்டி எறிகிற ஓரத் துண்டுகள் கலர் கலராகக் கூடையில் விழுகின்றன. கை தானாகப் போகிறது. இழுத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பட்டாணிக்குச் சோதனை நாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறை வாசலில் எங்கள் பிள்ளைகள் ஒன்பது பேர். பெற்றோர்கள் ஒரு பக்கம், நான் கடைசி பெஞ்சில். இப்போதெல்லாம் அப்படித்தான், யாரும் சொல்லிச் செய்வதில்லை.

சுருட்டையை உள்ளே கூப்பிட்டார்கள். ஊசியைப் பார்த்ததும் அலறல், உதை. நர்ஸ் ஒருத்தி, அவள் அம்மா ஒருத்தி, இரண்டு பேருக்கும் அடங்கவில்லை. அவளுக்கு இப்போது பேச்சு திக்குகிறது. பாதி வார்த்தையில் நின்று அப்புறம் கத்துகிறாள்.

அவள் அம்மா கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தாள். ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வந்து பிடிங்க" என்றாள்.

நான் அசையவில்லை. என்னைத்தானா என்று தெரியவில்லை.

"உங்களைத்தாங்க. நீங்க பிடிச்சா இருப்பா."

போய்ப் பிடித்தேன். மடியில் உட்காரவைத்து, கையை நீட்டி என் கைக்குள் வைத்துக்கொண்டேன். சுருட்டை என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஊசி இறங்கியது. அவள் அம்மா சுவரோரம் நின்று என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், கடைசிச் சொட்டு வரை. பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

சுருட்டைக்கு முப்பத்திரண்டு. பட்டாணிக்கு இருபத்தேழு. இந்த வருடம் பள்ளியில் சேர்க்க வேண்டாம், இன்னொரு வருடம் போகட்டும் என்றார் டாக்டரம்மா.

அடுத்த சோதனை நவம்பரில்.